வாசல் காக்கப்பட்டது

2043ஆம் ஆண்டு பிப்ரவரி 11, புதன்கிழமை, சென்னை தரமணியில் ‘அரண்’ வீடியோ விளையாட்டுத் தொடரின் பதின்மூன்றாம் பாகம் வெளியிடப்பட்டது. முதல் பன்னிரண்டு பாகங்களிலும் சண்டை முறைவைத்து நடந்தது. பதின்மூன்றாவதில் முறை இல்லை.

இரண்டு பேர் சேர்ந்து ஒரு கோட்டையின் வாசலைக் காக்க வேண்டும். அரண் என்பது அவ்வளவுதான். முதலில் ஒருவர் தன் வீரனை நகர்த்துவார், அடுத்து மற்றவர், அதன்பிறகு எதிரிகள். தன் முறை வரும்வரை யாரும் அசைய முடியாது. முறை வந்தபின் யாரும் அவசரப்படுத்த மாட்டார்கள். எதிரி ஏணியில் பாதி ஏறித் தொங்கிக்கொண்டிருப்பான். ஆடுபவர் எழுந்துபோய்க் கறிவேப்பிலை வாங்கி வந்தாலும் அப்படியே தொங்குவான். இதைக் கேலி செய்தவர்களும் கால் நூற்றாண்டாக இதையேதான் வாங்கி ஆடினார்கள்.

பாளையங்கோட்டை சமாதானபுரத்தில் ஹெப்சிபாவும் அவள் தம்பி லிவிங்ஸ்டனும் சின்ன வயதிலிருந்து ஆடினார்கள். லிவிங்ஸ்டனுக்கு இருபது வயதானபோது தாமிரபரணியில் பாலத்திலிருந்து தலைகீழாகக் குதித்தான். கோடைக்காலம், தண்ணீர் அவன் நினைத்த ஆழத்தில் இல்லை. கழுத்தெலும்பு முறிந்தது. அதன்பிறகு தோளுக்குக் கீழே எதுவும் அவன் சொன்னபடி கேட்கவில்லை. அப்பா முன்பே இல்லை; அம்மா மூன்று வருடம் பார்த்துக்கொண்டுவிட்டுப் போய்ச் சேர்ந்தாள். ஹெப்சிபா வீட்டிலிருந்தே ஒரு காப்பீட்டு நிறுவனத்துக்கு மருத்துவமனை பில்களைச் சரிபார்த்தாள். மீதி நேரமெல்லாம் தம்பி.

படுத்தே இருப்பவர்களை இரண்டு மணிக்கொரு தரம் புரட்ட வேண்டும். இல்லாவிட்டால் இடுப்பிலும் முதுகின் அடியிலும் தோல் சிவக்கும், பிறகு புண்ணாகும், புண் உள்ளே போகும். மருத்துவமனையிலிருந்து அனுப்பும்போது நர்ஸ் இதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னாள். கடிகாரத்தைப் பார்த்துப் புரட்டியதெல்லாம் முதல் வருடம். அதற்குப்பின் அந்த வேலையை அரண் எடுத்துக்கொண்டது. தாடையால் அசைக்கும் ஒரு குச்சியைக் கொண்டுதான் லிவிங்ஸ்டன் ஆடுவான். ஒரு நகர்வை யோசித்து முடிக்க ஒன்றரை, இரண்டு மணி நேரமாகும். ஹெப்சிபா தன் ஆட்டத்தை முடித்து, “ஒம் மொறலே” என்று சொல்லிவிட்டுப் போய்ச் சோறு வடிப்பாள், இரண்டு பில் பார்ப்பாள், துணி காயப்போடுவாள். திரும்பி வந்து அவன் நகர்த்தியிருப்பதைப் பார்த்தால், தன் முறையை ஆடுமுன் முதலில் அவனைப் புரட்டுவாள். இடது, அடுத்த முறை வலது. ஒரு வாசல், அதாவது ஒரு ஆட்டம், விடிவதிலிருந்து விளக்கு வைக்கும்வரை போகும். பதினான்கு வருடத்தில் அவன் உடம்பில் ஒரு புண் வந்ததில்லை.

பதின்மூன்றாம் பாகத்தை அவர்கள் வீட்டுக்குக் கொண்டு வந்தது முத்துவிநாயகம். லிவிங்ஸ்டனோடு படித்தவன், அரண் நிறுவனத்தில் ஆட்டத்தின் சண்டைகளை வடிவமைக்கும் பிரிவில் வேலை பார்ப்பவன். இரண்டு நெற்றிப்பட்டைகளை எடுத்துக் கட்டிலின் மேல் வைத்தான். ரப்பர் பட்டை மாதிரிதான் இருந்தன, உள்பக்கம் மட்டும் சின்னச் சின்ன வெள்ளிப் பொட்டுகள்.

“கையே வேண்டாம் மக்கா. பட்டன் கெடையாது, குச்சி கெடையாது. குத்தணும்னு நெனச்சா குத்திரும்.”

“நெனச்சாலே போதுமா?” என்றான் லிவிங்ஸ்டன். “அப்ப நம்ம எட்டாங்கிளாஸ் பி.டி. சாரு இன்னேரம் உசுரோட இருக்க மாட்டாரே.”

ஹெப்சிபா பட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “பழசு நல்லாத்தானப்பா இருந்துச்சு. ஏன் இப்படி மாத்திட்டீங்க?”

“காத்திருக்க யாருக்கும் பொறும இல்லக்கா. போன பாகம் பாதிகூட விக்கல.”

“எங்களுக்குப் பொறும இருக்கே.”

“ஒங்க ரெண்டு பேர நம்பி கம்பெனி நடத்த முடியுமா?” சிரித்துவிட்டுக் குரலைத் தணித்துக்கொண்டான். “நெசத்தச் சொன்னா, மீட்டிங்ல இதுக்காகச் சண்ட போட்டது நாந்தான். இவன மனசுல வச்சுத்தான். இவனும் மத்தவன் மாதிரி ஆடட்டுமேன்னு.”

அன்று லிவிங்ஸ்டன் சண்டை போடவில்லை. கோட்டைச் சுவரின் மேல் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஓடினான். திரும்பி ஓடி வந்தான். படிகளில் தாவி இறங்கினான். கீழே எதிரிகள் வாசலை உடைத்து உள்ளே வந்து அவனையும் ஹெப்சிபாவையும் வெட்டிப்போட்டார்கள். “இன்னொரு தரம்” என்றான். மறுபடியும் ஓடத்தான் செய்தான். முத்துவிநாயகம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தான்.

இரண்டு வாரத்தில் லிவிங்ஸ்டன் கெட்டிக்காரன் ஆகிவிட்டான். பதினான்கு வருடம் யோசித்து யோசித்து ஆடியவனுக்குக் கோட்டையின் ஒவ்வொரு கல்லும் தெரியும். இப்போது கையும் வந்துவிட்டது.

“ஏக்கா, ஒன் கையில இருக்கது வேலா முருங்கக்காயா? அந்தா ஏறுதான் பாரு.”

“சரிலே, இரு, ஒன்னப் பொரட்டிட்டு வந்துருதேன்.”

“இந்த வாசல் முடியட்டும்.”

வாசல் முடிந்ததும் அடுத்த வாசல் தொடங்கிவிடும். எதிரி யாருக்காகவும் ஏணியில் தொங்கவில்லை. நடுவில் ஒருவர் எழுந்தால் இருவரும் சாவார்கள். சோறு இரண்டு தடவை அடிப்பிடித்தது. ஒருநாள் உடம்பு துடைக்கும்போது அவன் வலது இடுப்பில் நாணயம் அளவுக்குச் சிவந்திருப்பதை ஹெப்சிபா பார்த்தாள். விரலால் அழுத்தினாள். சிவப்பு மறையவில்லை.

அன்று சாயங்காலம் அவர்கள் கிழக்கு வாசலில் நின்றார்கள். அவன் வலது பக்கமாகவே நெடுநேரம் படுத்திருந்தான். அவள் இரண்டு தடவை சொல்லிவிட்டாள். இரண்டு தடவையும் “இரு” என்றான். திரையில் அவனுடைய வீரன் அவளுக்கு முன்னால் நின்று ஏணியைத் தள்ளிக்கொண்டிருந்தான். அவள் பார்வை கடிகாரத்துக்குப் போய், அவன் இடுப்புக்குப் போய், திரைக்கு வந்தது. அவளுடைய வேல் அவன் முதுகில் இறங்கி மார்பில் வெளியே வந்தது.

திரையில் எழுத்து வந்தது. தோழர் வீழ்ந்தார்: லிவிங்ஸ்டன். வீழ்த்தியவர்: ஹெப்சிபா.

“நான் ஒண்ணும் பண்ணல” என்றாள்.

“நீ பண்ணலன்னா யாரு, பக்கத்து வீட்டு எஸ்தரா?”

“ஒன்னப் பொரட்டணும்னுதாம்லே நெனச்சேன்.”

“அதுக்குக் குத்திப் பொரட்டுவியா?” சிரித்தான். அவளும் சிரித்தாள். அவனைப் புரட்டிப் படுக்கவைத்தாள். சிரிப்பு அவனிடம் முதலில் நின்றது. சுவரைப் பார்த்தபடி கேட்டான்: “எப்ப இருந்துக்கா?”

அவள் புரியாத மாதிரி, “எது?” என்றாள். அவன் மறுபடி கேட்கவில்லை.

முத்துவிநாயகத்தைப் போனில் பிடித்தார்கள். அவனுக்கு இது முதல் அழைப்பாக இருக்கவில்லை என்பது அவன் பேசிய விதத்திலேயே தெரிந்தது.

“கைய ஓங்கணும்னு உள்ள கெளம்புததுக்கும் கை நெசமா ஓங்குததுக்கும் நடுவுல ஒரு இடைவெளி இருக்குக்கா. கண்ணு இமைக்கதவிடச் சின்னது. அதுக்குள்ள நாம ‘வேண்டாம்’னு சொல்லிருவோம். ஒரு நாளைக்கு எத்தன தடவ சொல்லுதோம்னு நமக்கே தெரியாது. பஸ்ல வழிய மறிச்சு நிக்கவன் மண்டையில ஒண்ணு போடணும்னு கெளம்பும். போட மாட்டோம். கெளம்புனதே நமக்குத் தெரியாது. இந்தப் பட்ட, ‘வேண்டாம்’ வாரதுக்கு முன்னாலேயே எடுத்துருது.”

“அப்ப அந்த வேண்டாமுக்கும் சேத்துக் காத்திருக்க வேண்டியதுதான?”

“காத்திருந்தா ஆட்டம் இழுக்கும். அந்த வேகத்தத்தான் எல்லாரும் புகழுதான்.”

“அவன நான் குத்தணும்னு நெனச்சேன்னு சொல்லுதியா?”

“நெனச்சீங்கன்னு சொல்லலக்கா. கெளம்புச்சுன்னு சொல்லுதேன்.”

“ரெண்டுக்கும் என்னல வித்தியாசம்?” இது லிவிங்ஸ்டன், கட்டிலிலிருந்து.

“கொஞ்ச நாள் ரெண்டு பேரும் சேந்து ஆடாதீங்க” என்றான் முத்துவிநாயகம்.

அவர்கள் ஆடினார்கள். தான் அப்படிப்பட்டவள் இல்லை என்று காட்டுவதற்காக ஹெப்சிபா ஆடினாள். குத்திவிடக் கூடாது என்று நினைத்துக்கொண்டே நின்றாள். குத்திவிடக் கூடாது என்ற நினைப்பிலும் குத்து இருக்கிறது. பட்டை அதையும் எடுத்தது. வடக்கு வாசலில் குத்தினாள். மறுபடி கிழக்கு வாசலில். ஒருமுறை ஆட்டம் தொடங்கி எதிரியே வராதபோது குத்தினாள். கையில் வேல் இல்லாமல் ஆடிப் பார்த்தாள். சுவரிலிருந்து அவனைத் தள்ளிவிட்டாள். அவன் ஒருமுறையும் அவளைக் குத்தவில்லை.

நாடு முழுக்க இது நடந்துகொண்டிருந்தது. இதற்கு ஆட்டக்காரர்கள் ‘உள்குத்து’ என்று பெயர் வைத்தார்கள். திருச்சியில் பத்து வருடம் ஒன்றாக ஆடிய கல்லூரி நண்பர்கள் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போவதை நிறுத்தினார்கள். மதுரைக் குடும்பநல நீதிமன்றத்தில் ஒரு கணவன் திரையைப் படமெடுத்துக் கொண்டுவந்தான். நிறுவனம் வருத்தம் தெரிவிக்கவில்லை. பட்டை பொய் சொல்வதில்லை என்று மட்டும் சொன்னது. அது உண்மை என்பதால் யாராலும் மறுக்க முடியவில்லை. விற்பனை மும்மடங்கானது. கல்யாணத் தரகர்கள்தான் முதலில் சுதாரித்தவர்கள். நிச்சயம் பண்ணுவதற்கு முன்னால் பெண்ணும் மாப்பிள்ளையும் சேர்ந்து ஒரு வாசல் ஆட வேண்டும், குத்து விழக் கூடாது. சாதகத்தில் பத்துப் பொருத்தம், இது பதினோராவது. சாதகமே பார்க்காத கிறிஸ்தவக் குடும்பங்களும் இதைப் பார்த்தன. இது விஞ்ஞானம் என்றார்கள். நிறுவனம் இதற்கென்றே சான்றிதழ் கொடுக்க ஆரம்பித்தது.

லிவிங்ஸ்டன் அக்காவோடு ஆடுவதை நிறுத்தினான். ஆடுவதை நிறுத்த அவனால் முடியவில்லை. அவன் கையும் காலும் அந்தக் கோட்டைக்குள்தான் இருந்தன. முகம் தெரியாதவர்களோடு ஆடினான். சேலத்தில் ஒருவன், கொழும்பில் ஒருத்தி, குரலை வைத்துப் பார்த்தால் பள்ளிக்கூடம் போகிற வயதில் இருவர். யாரும் அவனைக் குத்தவில்லை. இதை அவன் ஹெப்சிபாவிடம் சொல்லவில்லை. ஆனால் அறையில் திரை எப்போதும் ஓடிக்கொண்டிருந்தது. அவளுக்குக் கண் இருந்தது.

ஆகஸ்டில் ஒருநாள் அவள் ஊட்டிக்கொண்டிருந்தபோது சொன்னான்.

“நாகர்கோவில் பக்கம் ஒரு இல்லம் இருக்காம். என்ன மாதிரி ஆளுகளுக்கு. பேசிட்டேன்.”

“எதுக்கு?”

“ஒனக்கு முப்பத்தேழு ஆச்சு. சித்தி வரன் வரனா கொண்டு வந்தா, நீ ஒண்ணையும் பாக்கல.”

“நான் வேண்டாம்னுதான சொன்னேன்?”

“ஆமா. வாய் சொல்லுச்சு.” தலையை மட்டும் அவள் பக்கம் திருப்பினான். “கோவத்துல சொல்லலக்கா. பதினாலு வருசம். யாருக்கா இருந்தாலும் தோணும். ஒன் எடத்துல நான் இருந்தா எனக்கு எப்பவோ தோணியிருக்கும்.”

“எனக்குத் தோணல. அன்னைக்கு எம் மனசுல இருந்தது ஒன் இடுப்பு மட்டுந்தான். நீ திரும்பாமப் படுத்துக் கெடந்த. ஆட்டம் முடிஞ்சாத் தேவலன்னு இருந்துச்சு. வேற ஒண்ணும் இல்லலே.”

“நீ பொய் சொல்லுதேன்னு நான் சொல்லல” என்றான். “ஒனக்கே தெரியாதுன்னுதான் சொல்லுதேன்.”

கையிலிருந்த கவளத்தை அவன் வாயருகே கொண்டுபோனாள். வாங்கிக்கொண்டான்.

செப்டம்பரில் ஆம்புலன்ஸ் வந்தது. முத்துவிநாயகம் சென்னையிலிருந்து வந்து கூடப் போனான். இல்லம் சுத்தமாக இருந்தது. ஆறு கட்டிலுக்கு ஒரு உதவியாளர். லிவிங்ஸ்டனின் வரிசைக்கு சேவியர் என்ற ஐம்பது வயதுக்காரர். சாதுவான மனிதர், யாரிடமும் சத்தம் போடமாட்டார். இரண்டு மணிக்கொரு தரம் புரட்ட வேண்டும் என்று ஹெப்சிபா அவரிடம் சொன்னாள். “எல்லாம் தெரியும்மா” என்றார். கிளம்பும்போது மறுபடி சொன்னாள்.

லிவிங்ஸ்டன் தினமும் போனில் பேசினான். குரல் நன்றாகத்தான் இருந்தது. “சேவியர் அண்ணனுக்குப் பட்ட வாங்கிக் குடுத்துருக்கேன். மனுசன் நல்லா ஆடுதாரு. முப்பது வாசல் ஆடியாச்சு. ஒரு குத்து கெடையாது.”

“பொரட்டுதாரா?”

“ஏக்கா, எப்பப் பாரு இதே கேள்வி.”

மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை அவள் போனாள். பார்வையாளர் நேரத்தில் அவனைச் சக்கர நாற்காலியில் உட்கார்த்தி வைத்திருப்பார்கள். சட்டையைத் தூக்கிப் பார்க்கட்டுமா என்று கேட்டாள். சுற்றிலும் ஆட்கள் இருந்தார்கள். “வெக்கமா இருக்குக்கா, விடு” என்றான். முன்பு அவன் அவளிடம் வெட்கப்பட்டதில்லை. அவள் கையை எடுத்துக்கொண்டாள்.

டிசம்பரில் முத்துவிநாயகம் பாளையங்கோட்டைக்கு வந்தான். காலியாகக் கிடந்த கட்டிலில் உட்காராமல் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான்.

“ஒரு விசயம் தெரிஞ்சுதுக்கா. சொல்லக் கூடாதுன்னு கையெழுத்து வாங்கியிருக்கான். ஆனாலும் ஒங்ககிட்டச் சொல்லணும்.”

“சொல்லு.”

“லச்சக்கணக்கான ஆட்டத்தப் பாத்துட்டோம். முன்னப்பின்ன தெரியாதவங்க குத்திக்கிடுததே இல்ல. ஒண்ணுகூட இல்ல. குத்து விழுததெல்லாம் அம்மா பிள்ளைய, பொண்டாட்டி புருசன, நோயாளிய வச்சுப் பாக்கவங்க நோயாளிய. யாரு யாரயே பாத்துக்கிட்டு இருக்காங்களோ அவங்கதான் குத்துதாங்க. மனசு பூராம் ஒரு ஆளு மேல இருந்தா, கெளம்புதது எல்லாம் அந்த ஆளு மேலதான் போயி விழுது. பயம், பதட்டம், சோறு ஊட்டணுங்கிறது, பொரட்டணுங்கிறது எல்லாமே. கையில வேல் இருந்தா வேலாப் போகுது.”

ஹெப்சிபா தரையைப் பார்த்தபடி கேட்டாள்.

“இத ஏன் கம்பெனி வெளிய சொல்லல?”

“சான்றிதழ் வித்துக்கிட்டு இருக்காம்லா. குத்து விழலன்னா அன்புன்னு நெனச்சு வாங்குதான் ஊரு. குத்து விழலன்னா அங்க ஒண்ணுமே இல்லன்னு எப்படிச் சொல்லுவான்?”

அவள் நிமிர்ந்தாள். “அப்ப அவன் என்ன ஏன் ஒருதடவகூடக் குத்தல?”

முத்துவிநாயகம் கண்ணாடியைக் கழற்றினான். துடைக்கவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டிருந்தான். அவள் எழுந்துபோய் அவனுக்குக் காப்பி போட்டாள்.

அங்கிருந்தே லிவிங்ஸ்டனை அழைத்தார்கள். முத்துவிநாயகம் எல்லாவற்றையும் சொன்னான். லிவிங்ஸ்டன் பொறுமையாகக் கேட்டான்.

“அப்ப எம் மேல பாசமா இருக்கவன்லாம் குத்துவான். பாசம் இல்லாதவன் குத்த மாட்டான். அப்படித்தான மக்கா?”

“அப்படித்தாம்லே.”

“அப்ப நம்ம பி.டி. சாரு என்ன உசுரா நெனச்சிருக்காரு.” சிரித்தான். “விடுறா. என்னச் சமாதானப்படுத்தணும்னு இவ்வளவு தூரம் யோசிச்சிருக்க பாரு, அது போதும். அக்காவ அழ வேண்டாம்னு சொல்லு. நான் இங்க நல்லா இருக்கேன். சேவியர் அண்ணன் நூறு வாசல் தாண்டியாச்சு, ஒரு குத்து இல்ல. அவரா எனக்கு ஒண்ணும் இல்லாதவரு?”

2044 ஜனவரி 20 அன்று லிவிங்ஸ்டனுக்குக் காய்ச்சல் வந்தது. தோளுக்குக் கீழே வலி தெரியாத உடம்பு. காய்ச்சல்தான் முதல் அறிகுறி. இல்லத்தில் மாத்திரை கொடுத்தார்கள். 23ஆம் தேதி மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். வலது இடுப்பிலும் முதுகின் அடியிலும் புண் எலும்புவரை போயிருந்தது, இரத்தத்தில் கிருமி ஏறியிருந்தது. ஹெப்சிபா போய்ச் சேர்ந்தபோது அவனுக்கு நினைவு இல்லை. அவள் அவனை இடது பக்கமாகப் புரட்டினாள். நர்ஸ் இனி வேண்டாம் என்று சொல்லும்வரை புரட்டிக்கொண்டிருந்தாள். மறுநாள் காலையில் இறந்தான்.

சேவியர் அழுதார். நடிப்பு இல்லை, நல்ல மனிதர்தான். “நல்ல பிள்ளம்மா. ஒரு தொந்தரவு குடுத்ததில்ல. தெனமும் ரெண்டு பேரும் ஆடுவோம். கடைசிவரைக்கும் நான் ஒருதடவகூடக் குத்தினதில்லம்மா, நீங்களே பாத்துக்கிடலாம்” என்றார். லிவிங்ஸ்டனின் பையையும் பட்டையையும் அவளிடம் கொடுத்தார்.

ஏப்ரலில் சாத்தான்குளத்திலிருந்து சித்தி ஒரு வரன் கொண்டு வந்தாள். தூத்துக்குடித் துறைமுகத்தில் வேலை பார்ப்பவர், பெயர் பிரின்ஸ், மனைவி இறந்து நாலு வருடம், பிள்ளை இல்லை.

“இனி யாருக்காகடி உக்காந்திருக்கப் போற?” என்றாள் சித்தி. ஹெப்சிபா சரி என்றாள்.

மாப்பிள்ளை வீட்டில் கேக்கும் மிக்சரும் வைத்தார்கள். போதகர் சின்னதாக ஜெபம் பண்ணினார். பிறகு பிரின்ஸின் அண்ணன் திரையைப் போட்டு இரண்டு பட்டைகளைக் கொண்டுவந்தார். ஹெப்சிபா ஒன்றை வாங்கி நெற்றியில் கட்டிக்கொண்டாள். எப்படிக் கட்டுவது என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

கிழக்கு வாசல். பிரின்ஸ் முன்னால் நின்றார், அவள் பின்னால் நின்றாள். ஏணி வழியாக நாலு பேர் ஏறினார்கள். அவர் இருவரைத் தள்ளினார், அவள் இருவரைக் குத்தினாள். அதன்பிறகு கொஞ்ச நேரம் எதிரி யாரும் வரவில்லை. அவருடைய முதுகு அவளுக்கு நேராக, வேல் எட்டும் தூரத்தில் இருந்தது. வீட்டார் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். அவள் அந்த முதுகைப் பார்த்தபடி நின்றாள். வேல் அசையவில்லை.

திரையில் எழுத்து வந்தது. வாசல் காக்கப்பட்டது. தோழரால் வீழ்ந்தவர்: எவருமில்லை.

சித்தி அவள் கன்னத்தை வழித்து முத்தமிட்டாள். பிரின்ஸின் அண்ணன் சான்றிதழைத் தரவிறக்கினார். திருமணம் ஜூன் 9, வியாழக்கிழமை, தூத்துக்குடியில் நடந்தது.